நீலகிரி, பவானி நீர்நிலைகளில் குடியேற்றப்பட்ட மீன்கள்

நீலகிரி மலையின் ஏரிகளிலும் அணைகளிலும், அங்கிருந்து இறங்கிவரும் பவானி ஆற்றிலும் இன்று வாழும் மீன்களில் பல, அந்த நீரில் இயற்கையாகத் தோன்றியவை அல்ல. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு நோக்கங்களுக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. சில வட அமெரிக்காவிலிருந்தும், சில ஐரோப்பாவிலிருந்தும், சில ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தன. இந்தியாவுக்குள்ளேயே ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கு மாற்றப்பட்டவையும் உண்டு. மீன்வளத் துறையினர் இவற்றை அயல் மீன்கள், இடம்பெயர்க்கப்பட்ட மீன்கள் என்று இரண்டாகப் பிரிப்பர். ஆற்றில் ஏற்கெனவே இருந்த மீனுக்கு இந்தப் பிரிவினையால் பெரிய வேறுபாடு இல்லை.

அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு ஆகிய நீர்த்தேக்கங்களின் நீர் மின்நிலையங்களைக் கடந்து பில்லூருக்கும், பிறகு மேட்டுப்பாளையம் வழியாகப் பவானிசாகருக்கும் வருகிறது. அங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கிறது. காங்கேயம் வட்டத்தின் ஒரு பகுதியும் இந்த ஆயக்கட்டில் அடங்கும். ஆகவே மலைமுகட்டு ஏரியில் என்ன மீன் இருக்கிறது என்பது காங்கேயத்துக்காரருக்கும் தொடர்பில்லாத செய்தி ஆகாது.

மலைமேல் முதலில் இருந்தவை

நீலகிரியின் மேட்டுநிலம் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி அமைந்தது. அதன் ஓடைகள் குளிர்ந்தவை, ஆழம் குறைந்தவை, வேகமானவை. பீடபூமியின் விளிம்பில் அருவிகள் செங்குத்தாக விழுவதால், சமவெளியின் பெரிய மீன்கள் மேலே ஏறிவர வழியில்லை. எனவே மேட்டுநில ஓடைகளில் அயிரை வகைகள், பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேயும் மீன்கள், விரல் நீளக் கெண்டைகள் போன்ற சிறு மீன்களே இருந்தன. மற்ற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன் என்று ஒன்று அங்கே இல்லை. அந்த இடத்தில் நண்டுகளும், தட்டான், ஈசல்போன்ற நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்களும், தலைப்பிரட்டைகளும் ஏராளமாக வாழ்ந்தன. நண்டைத் தின்று வாழும் சிறுநக நீர்நாய் இந்த ஓடைகளின் முக்கியமான வேட்டை விலங்கு.

இயற்கை ஏரி என்று சொல்லத்தக்க ஆழமான நீர்நிலையும் அங்கே கிடையாது. ஊட்டி ஏரி 1823-25 காலத்தில் ஜான் சல்லிவன் வெட்டுவித்தது. பைக்காரா, முக்கூர்த்தி, அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாம் இருபதாம் நூற்றாண்டில் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட அணைகள். குந்தா மின்திட்டம் 1956 வாக்கில் கனடா நாட்டின் உதவியோடு தொடங்கியது. அதாவது, மீன்களைப் புதிதாக விடுவதற்கு முன்பே, அல்லது விட்டுக்கொண்டிருக்கும்போதே, நீர்நிலையும் புதிதாக உருவாக்கப்பட்டது. ஓடை மீன்களுக்குப் பழக்கமில்லாத ஆழநீர் அது. ஓடையில் வாழ்ந்த சிறு மீன் அணையின் நடு ஆழத்தில் வாழாது. இந்த வெற்றிடமே மீன் விடுவதற்கான வாதமாகவும் முன்வைக்கப்பட்டது.

டிரவுட்

தோடர்கள் எருமைப் பாலையே பெரிதும் நம்பி வாழ்ந்த மரக்கறி உணவினர். மலையில் மீன் வேண்டும் என்று கேட்டவர்கள் ஐரோப்பியர்களே. உணவுக்காக என்பதைவிடத் தூண்டில் விளையாட்டுக்காகவே அவர்கள் கேட்டனர்.

சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவரும், பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே, 1863-இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார். நீண்ட கப்பல் பயணத்தையும் வெப்பத்தையும் முட்டைகள் தாங்கவில்லை. அதன்பின் ஊட்டி தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த மக்ஐவர் ஐரோப்பிய மீன்கள் சிலவற்றை உயிருடன் சேர்த்தார். டென்ச், குரூசியன் கெண்டை ஆகியவை 1870 வாக்கில் ஊட்டி ஏரிக்கு வந்தன. டிரவுட் நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். சென்னை அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக இருந்த ஹெச். சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகத்தை அமைத்தார். வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் அங்கே வெற்றியாகக் குஞ்சு பொரித்தது. நீலகிரி ஓடைகளிலும் பின்னர் அணைகளிலும் பரவியது அந்த இனமே. மூணாறு, கொடைக்கானல் மலைகளிலும் இதே முயற்சி நடந்தது. இலங்கையில் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் நீலகிரிக்கு முன்பே டிரவுட் விடப்பட்டிருந்தது.

டிரவுட்டுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நீர் குளிர்ந்திருக்க வேண்டும். அதில் கரைந்த ஆக்சிஜன் மிகுந்திருக்க வேண்டும். 20 பாகை செல்சியசுக்கு மேல் நீர் சூடேறினால் அது தீனி எடுப்பது குறையும். 25 பாகையை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆழமான மலை நீர்த்தேக்கத்தில் கோடைக்காலத்தில் மேல்நீர் சூடாகி இலேசாகும். கீழ்நீர் குளிர்ந்து கனமாக இருக்கும். இரண்டும் கலக்காமல் எண்ணெயும் தண்ணீரும்போல அடுக்காக நிற்கும். மேலே வெப்பம், கீழே ஆக்சிஜன் குறைவு என்ற நிலையில் டிரவுட் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மெல்லிய அடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். குளிர் வந்து மேல்நீர் கனமாகி இறங்கும்போதுதான் ஏரி முழுவதும் கலந்து மூச்சு விடும்.

அதைவிட முக்கியமானது இனப்பெருக்கம். டிரவுட் நின்ற நீரில் முட்டையிட்டுப் பெருகாது. பெண் மீன் ஓடைக்குள் ஏறி, சரளைக் கற்களை வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையிட்டு, மேலே கற்களை மூடிவிடும். கற்களின் இடுக்கில் ஓடும் நீர் முட்டைகளுக்கு ஆக்சிஜன் தரும். எனவே அணையில் வளரும் டிரவுட்டின் எதிர்காலம் அணைக்குள் வந்துசேரும் ஓடைகளில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் மலைச்சரிவுக் காய்கறி நிலங்களிலிருந்தும் கரைந்துவரும் மண் அந்தச் சரளையின் இடுக்கை அடைத்துவிட்டால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். ஆகவேதான் நூறாண்டுக்குப் பிறகும் பொரிப்பகக் குஞ்சுகளை விட்டு ஆதரிக்கவேண்டிய நிலை. இந்த வகையில் டிரவுட் ஒரு விந்தையான குடியேறி. தான் புகுந்த ஓடையில் அது வேட்டைக்காரன். ஆனால் மனிதர் கைவிட்டால் பல இடங்களில் அதுவே நிற்காது.

அது என்ன தின்கிறது என்பதே சூழலியலின் முதற்கேள்வி. நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்கள், நீர்மேல் விழும் வண்டுகள், இளநண்டுகள், தலைப்பிரட்டைகள், சிறு மீன்கள் என அகப்பட்டதெல்லாம் அதற்கு இரையாகும். பெரிய வேட்டை மீனைக் கண்டறியாத ஓடையில் வாழும் உயிர்களுக்கு ஒளிந்துகொள்ளும் பழக்கமே இராது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் இதே கதை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. மீனே இல்லாதிருந்த ஏரிகளில் டிரவுட் விடப்பட்டதும் மஞ்சள்கால் தவளைகள் அற்றுப்போயின. சில ஏரிகளில் வலைபோட்டு டிரவுட் முழுவதையும் அகற்றியபோது தவளைகள் திரும்பப் பெருகின. மேற்குத்தொடர்ச்சி மலை, உலகில் வேறெங்கும் இல்லாத தவளை இனங்களுக்குப் பெயர்பெற்றது என்பதை இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் கெண்டை

1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கண்ணாடிக் கெண்டை வந்தது. இது ஐரோப்பாவில் வளர்க்கப்பட்ட சாதாக் கெண்டையின் ஒரு வகை. உடலில் சில பெரிய செதில்கள் மட்டும் கண்ணாடித் துண்டுபோல் மின்னுவதால் இப்பெயர். குளிரையும் தாங்கும், வெப்பத்தையும் தாங்கும். டிரவுட்டைப்போல் ஓடை தேடாமல் கரையோரக் களைகளில் ஒட்டும் முட்டைகளை இட்டுவிடும். ஊட்டியில் பெருகிய இந்தக் கெண்டையே பிறகு வடக்கே குமாவூன், இமாசலம் முதலிய மலைப்பகுதிகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. இமயமலை ஏரிகளில் அது நிலைபெற்றபின் அங்கிருந்த குளிர்நீர் நாட்டு மீன்கள் குறைந்தன. ஊட்டியிலிருந்து போன ஒரு மீன் காசுமீர் வரை ஆய்வாளர்களின் கவலைப்பட்டியலில் இடம்பெற்றது என்பது பலர் அறியாத செய்தி.

கெண்டை யாரையும் வேட்டையாடுவதில்லை. அதன் குற்றம் வேறு. சேற்றைக் கிளறித் தீனி தேடுவது அதன் இயல்பு. கிளறிய சேறு நீரைக் கலக்கும். ஒளி உள்ளே இறங்காமல் அடிச்செடிகள் மடியும். சேற்றில் அடங்கிக் கிடந்த பாசுபரசு மீண்டும் நீரில் கலந்து பாசியை வளர்க்கும். ஊட்டி ஏரியில் கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்துக் கழிவுநீர் வந்து சேர்வதே முதற்பெரும் கேடு. அதை மறைத்துக் கெண்டையின்மேல் பழிபோடுவது நியாயமன்று. கழிவு இல்லாத ஏரியில் கெண்டை செய்யும் தீங்கு சிறிது. கழிவு நிறைந்த ஏரியில் அதே மீன் தீங்கைப் பெருக்கிவிடுகிறது.

சமவெளியில் ஜிலேபி

மலையடிவாரத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. நம் பக்கத்தில் ஜிலேபி அல்லது ஜிலேபிக் கெண்டை என்று சந்தையில் விற்கப்படும் மொசாம்பிக் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. ஏழைகளுக்கு மலிவான புரதம் என்பதே நோக்கம். சில ஆண்டுகளிலேயே அதன் பெருக்கம் அச்சத்தைத் தந்தது; 1959-இல் இதைப் பரப்பக்கூடாது என்று தடை வந்தது. ஆயினும் 1960-களின் இறுதிக்குள் தமிழ்நாட்டு அணைகள் பலவற்றில் அது இடம்பிடித்துவிட்டது. உடுமலைப்பேட்டை அமராவதி அணை, திருமூர்த்தி அணை, தாராபுரத்தை அடுத்த உப்பாறு அணை, பவானிசாகர் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கிறது. குஞ்சு வெளிவந்த பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகி ஆண்டில் பலமுறை குஞ்சு தரும். குளத்தில் கூட்டம் மிகுந்தால் மீன் வளர்வதை நிறுத்திக்கொண்டு உள்ளங்கை அளவிலேயே முட்டையிடத் தொடங்கும். கடல்நீரின் உப்பையும் தாங்கும். சாயக்கழிவால் உப்பேறிய நொய்யல் போன்ற ஆற்றில் நாட்டுக் கெண்டை பின்வாங்கும் இடத்தில் நின்றுபிடிக்கக்கூடிய மீன் இதுவே. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் அது போகுமிடமெல்லாம் குட்டைக்கும் குளத்துக்கும் ஜிலேபியும் போகும். யாரும் கொண்டுவிட வேண்டியதில்லை.

அதற்கு ஒரே தடை குளிர். நீர் 10 முதல் 12 பாகைக்குக் கீழே போனால் அது சாகும். ஆகையால் மேல் அணைகளில் டிரவுட்டும் கெண்டையும், கீழ் அணைகளில் ஜிலேபியும் என்று மலை தானே ஒரு படிக்கட்டு அமைத்து அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. நீர் ஆண்டுக்காண்டு சூடேறுமானால் டிரவுட்டின் படி சுருங்கும். ஜிலேபியின் படி மேலே ஏறும்.

மீனவர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அணை மீன்பிடிப்பில் ஜிலேபி வலைக்குத் தவறாமல் வரும் மீன். விலை குறைவு, முள் குறைவு, வாங்க ஆள் உண்டு. அரிஞ்சான், கருமுழிக் கெண்டை போன்ற காவிரிப் படுகையின் பழைய மீன்கள் குறைந்ததற்கு அணையே முட்டையிடும் பாதையை மறித்ததும் ஒரு காரணம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கங்கைச் சமவெளிக் கெண்டைகளும் நம் அணைகளில் விடப்படுபவையே. 1957-இல் ஹிராலால் சவுத்ரி ஊசி மருந்தால் கெண்டைகளைச் சினைப்படுத்தும் முறையைக் கண்டபின் அவற்றின் குஞ்சு எங்கும் மலிவாகக் கிடைத்தது. இவை இந்திய மீன்கள் என்பதால் ஒருவரும் அயல் மீன் என்று சொல்வதில்லை. காவிரிக்கு அவையும் வெளியூர் மீன்களே.

மோயாறும் கூன்முதுகு மகசீரும்

வெளியூர் மீன் எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு மிகக் கசப்பான சான்று காவிரிப் படுகையிலேயே கிடைத்துள்ளது. அங்கே தீங்கு செய்தது ஆப்பிரிக்க மீனோ அமெரிக்க மீனோ அல்ல; புனேயை அடுத்த ஆறுகளிலிருந்து 1839-இல் முதன்முதலாக அறிவியலுக்கு அறிமுகமான நீலத்துடுப்பு மகசீர்.

காவிரிக்கென்றே உரியது கூன்முதுகு மகசீர். முதுகு திமில்போல் உயர்ந்த, செம்பொன் நிற மீன். உலகின் மிகப்பெரிய கெண்டை இனங்களுள் ஒன்று. 1946-இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மகசீர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே புகழ்பெற்ற இந்த மீனுக்கு அறிவியல் பெயர் தெளிவாக வழங்கப்படாமலேயே இருந்தது என்பது நம்ப முடியாத உண்மை. அமராவதியின் கிளையாறான பாம்பாற்றில் கண்டறியப்பட்டு 'டோர் ரெமாதேவியை' என்று பெயரிடப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என 2018-இல் ஆய்வாளர்கள் நிறுவினர். அதே ஆண்டில் அது மிக அருகிய இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

நடந்தது இதுதான். மகசீர் குறைகிறது என்ற நல்லெண்ணக் கவலையில், லோனாவாலாவில் டாட்டா மின்நிறுவனத்தார் பொரிப்பகம் அமைத்து நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைப் பெருமளவில் உற்பத்தி செய்தனர். அவை நாட்டின் பல ஆறுகளுக்கு அனுப்பப்பட்டன. காவிரியிலும் விடப்பட்டன. இரண்டும் மகசீர்தானே என்ற எண்ணம். கர்நாடகக் காவிரியின் தூண்டில் முகாம்களில், பிடித்த மீனை அளந்து எழுதிவிட்டு மீண்டும் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவேடுகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, நீலத்துடுப்பு மகசீர் பெருகப் பெருகக் கூன்முதுகு மகசீர் அருகிவந்தது தெரிந்தது. கடைசிக் காலத்தில் பிடிபட்ட கூன்முதுகு மீன்கள் எல்லாம் பெரியவை. பார்ப்பவருக்கு அது நல்ல அறிகுறியாகத் தோன்றும். உண்மையில் குஞ்சுகள் சேரவில்லை, கிழடுகள் மட்டுமே மிஞ்சின என்பதே அதன் பொருள். விளையாட்டுக்காக எழுதிய கணக்கேடு இல்லாவிட்டால் இந்த இழப்பு எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

காங்கேயம் காளை இதற்கு ஒப்பிடத்தக்கது. கலப்பினப் பசு வந்தபோது நாட்டுமாடு குறைவதைக் கட்டுத்தறியில் எண்ணிப் பார்க்க முடிந்தது. கொறங்காட்டில் மேயவிட்டு இனத்தைக் காத்த குடும்பங்களும் இருந்தன. ஆற்று மீனுக்குக் கட்டுத்தறி இல்லை, உரிமையாளரும் இல்லை.

கூன்முதுகு மகசீர் இன்னும் இனம்பெருக்கி வாழும் மிகச்சில இடங்களுள் மோயாறு ஒன்று. முதுமலையைக் கடந்து, ஆழ்ந்த பள்ளத்தாக்கில் தெங்குமரகடா வழியாக ஓடிப் பவானிசாகரில் கலக்கும் ஆறு அது. மலையில் பைக்காரா என்று பெயர் பெறுவதும் அதே ஆறுதான். மின்நிலையத்தில் எப்போது நீர் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் நீரோட்டம் ஏறி இறங்குகிறது.

மற்ற நாடுகளில்

பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையில் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரியில் 1940-களின் தொடக்கத்தில் வானவில் டிரவுட் விடப்பட்டது. அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரெசுடியாசு இனத்தின் மிகப்பெரிய மீன் அதன்பின் அழிந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 594 மீட்டர் ஆழமுள்ள கிரேட்டர் ஏரியில் முன்பு மீனே கிடையாது. 1888 முதல் 1941 வரை பல இனங்கள் விடப்பட்டு, வானவில் டிரவுட்டும் கொக்கனி சால்மனும் நிலைத்தன. மீனுக்குத் தீனியாகட்டும் என்று கொண்டுவிட்ட நன்னீர் இறால் வகை ஒன்று, இப்போது அந்த ஏரிக்கே உரிய நீர்ப்பல்லியை அழித்துவருகிறது.

அகற்றுதலும் தடுத்தலும்

சிறிய ஏரியில் வலைகொண்டு மீனை முழுவதும் அகற்ற முடியும் என்பதைச் சியரா நெவாடா காட்டியது. எல்லோசுடோன் போன்ற பெரிய ஏரியில் 1994-இல் கண்டறியப்பட்ட ஏரி டிரவுட்டைக் குறைக்க ஆண்டுதோறும் வலைபோட்டுக்கொண்டே இருக்கிறார்கள்; முடிந்தபாடில்லை. பவானிசாகர் அளவிலான அணையில் ஜிலேபியை ஒழிப்பது நடவாது. செய்யக்கூடியது, இன்னும் வராததை வராமல் தடுப்பதே. மத்திய அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இரகசியமாக வளர்க்கப்படுகிறது. வெள்ளத்தில் குட்டை உடைந்தால் அது ஆற்றுக்குப் போகும். வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் இரக்கப்பட்டு வாய்க்காலில் விடும் டேங்க் கிளீனர் மீனும் அப்படியே. கொசுவை ஒழிக்க 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா, கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் நாட்டு மீன் குஞ்சுகளையும் தின்னும். கிணற்றிலும் தொட்டியிலும் விடுவதோடு நிறுத்திக்கொண்டால் தீங்கில்லை.

2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தின்கீழ் ஆறுகளில் நாட்டு மீன் குஞ்சுகளை விடும் பணி நடைபெறுகிறது. நாட்டு மீன் என்பதை இந்திய மீன் என்று கொள்வதா, அந்தந்த ஆற்றின் மீன் என்று கொள்வதா என்பது இதில் முக்கியமான கேள்வி. நீலத்துடுப்பு மகசீரும் முன்பு அருகிய இனம் என்று பட்டியலிடப்பட்டிருந்த இந்திய மீன்தான். 2018-இல் அதன் நிலை கவலையில்லாத இனம் என்று மாற்றப்பட்டது. மோயாற்றில் கூன்முதுகு மகசீர் வாழும் நீர்ப்பகுதிக்கும் பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்கும் இடையே அருவியோ தடுப்பணையோ இல்லை. அணையில் எந்த மீனை விட்டாலும், நீந்த வல்லதாயின் அது மோயாற்றுக்குள் ஏறலாம்.